மன்னார்க் கானல்

கானல் என்றதும் இக்காலத்து மாணவர் மனத்தில் முதலில் எழுவது கானல் நீரே. வெயில் கொளுத்தும் தார் வீதியில் நீர்போலத் தோன்றி, கிட்டச் செல்லச் செல்ல விலகும் பேய்த்தேரையன்றி வேறொரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டென்பதைப் பண்டித வகுப்பிற்கு வந்த பின்னரே பலர் அறிகின்றனர். சங்கச் சான்றோர் கானல் என்றது கடற்கரைச் சோலையை. ஊருக்கும் கடலுக்கும் இடையே, மணல்மேட்டிலும் கழிக்கரையிலும் அடர்ந்து நிற்கும் காடு அது. தலைவி ஆயத்தோடு விளையாடிய இடமும், தலைவனது தேர் வந்து நின்ற இடமும், அவன் வாராத நாள்களில் அவள் தனித்திருந்து இரங்கிய இடமும் கானலே. கோவலனும் மாதவியும் யாழெடுத்துப் பாடிப் பிரிந்த சிலப்பதிகாரப் பகுதி கானல்வரி எனப் பெயர் பெற்றதும் இதுபற்றியே.

சொல் நூலில் உளது; பொருள் யாண்டுளது? நெய்தற்குரிய கருப்பொருள்களை வரிசை தவறாது ஒப்புவிக்கும் மாணவர், கண்டல் எது, அடம்பு எது, முண்டகம் எது என்று கேட்டால் அகராதியைப் புரட்டுகின்றனர். அகராதியோ 'ஒரு மரம்', 'ஒரு கொடி' என்று கூறி அமைந்துவிடுகின்றது. இத்தனைக்கும் இவர்களிற் பலர் கடலோசை கேட்கும் வீடுகளிற் பிறந்து வளர்ந்தவர்கள். ஆதலின் தைப்பொங்கலை அடுத்து வந்த விடுமுறையில் மாணவர் அறுவரை அழைத்துக்கொண்டு, மன்னார்க் கரையை ஒருமுறை கால்நடையாகக் காண்பதென்று புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாகத் தெற்கே இறங்கும் வீதி, ஊர்ப்பெயர்களாலேயே நமக்கொரு தாவர நூலை விரித்துக் காட்டுகின்றது. இலுப்பைக்கடவையில் இருக்கும் இலுப்பை, சங்க நூல்கள் இருப்பை என்று வழங்கிய மரம். அதற்கப்பால் விடத்தல்தீவு, விடத்தலும் ஒரு முள்மரமே. இவ்வூரின் கடலோரத்தில் வடமாகாணத்தின் செழிப்பான கண்டற்காடுகளுள் ஒன்று உள்ளது. தமிழகத்தார் இவ்வகைக் காட்டை அலையாத்திக் காடு என்பர். அதுவும் அழகிய பெயரே. ஆயின் சங்கப் புலவர் கையாண்ட கண்டல் என்னும் சொல்லை நம் ஈழத்துப் பாடநூல்கள் இன்றும் வழங்கி வருவது எனக்கு மகிழ்ச்சி தருவது.

விடத்தல்தீவில் எமக்கு வழிகாட்டியவர் எழுபதைத் தாண்டிய மீனவர் ஒருவர். நீர் வற்றியிருந்த காலை வேளையில், நண்டுப் பொறிகளுக்குப் போவார் நடந்து நடந்து இறுகிய சேற்று வழியொன்றில் எம்மை அழைத்துச் சென்றார். முதலில் எதிர்ப்பட்டது இலையின் அடிப்புறம் வெளிறிய ஒரு மரக்கூட்டம். அதனடியிற் சேற்றைக் கிழித்துக்கொண்டு எழுதுகோல்களை நட்டுவைத்தாற்போல ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நின்றன. மாணவி ஒருத்தி, "இதுதானே ஐயா கண்டல்?" என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"இல்லைப் பிள்ளை, இது கண்ணா. ஆடு விரும்பித் தின்னும். கண்டல் அங்காலை, தண்ணிக்குள்ளை கால் வைச்சுக்கொண்டு நிக்குது."

அவர் சுட்டிய திசையிற் கண்டல் நின்றது. 'கால் வைத்துக்கொண்டு' என்பதினும் சிறந்த வருணனை அதற்கில்லை. அடிமரத்தினின்றும் கிளைகளினின்றும் வளைந்து இறங்கும் தாங்குவேர்கள் பந்தற்கால்களைப் போலச் சேற்றில் ஊன்றியிருந்தன. அவற்றினிடையே சிறுமீன்களும் இறாற்குஞ்சுகளும் ஓடின. சங்கப் புலவர் கண்டலை வேலியாகக் கூறுவதன் பொருத்தம் அங்கே நின்றபோதுதான் மாணவர்க்கு நன்கு புலனாயிற்று. அலையைத் தடுப்பதும் மண்ணைப் பிடிப்பதும் அவ்வேர்களே. அவ்வேலிக்குள் மீனினம் குஞ்சு வளர்க்கின்றது. வித்தும் விந்தையானது. அது மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, முற்றியபின் விழுந்து சேற்றிற் குத்தி நிற்கும். அன்றேல் நீரில் மிதந்து வேறோர் இடத்திற் கரையேறும். முன்னாளிற் பருத்தி வலைகளைக் கண்டற்பட்டைச் சாற்றில் தோய்த்து உரமேற்றுவதுண்டு. நைலோன் வலை வந்தபின் அவ்வழக்கம் ஒழிந்தது என்றார் பெரியவர்.

கண்ணா தான் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளிவிடும். மாணவர் ஒருவர் இலையை நாவில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றையோர்க்கும் கொடுத்தார். அறுவரும் உப்புக் கரித்த முகத்தோடு நின்றதைக் கண்டு பெரியவர் சிரித்தார். ஆயின் சற்று உள்ளே, பழுத்த இலைகள் செம்மை பூத்திருந்த வேறொரு மரத்தை அவர்கள் தொடப்போனபோது அவர் சிரிக்கவில்லை. "அது தில்லை. பால் கண்ணிலை பட்டால் பார்வை போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். தில்லை என்ற பெயரைக் கேட்டதும் மாணவர் திகைத்தனர். தில்லைவாழ் அந்தணர் என்றும் தில்லையம்பலம் என்றும் நாள்தோறும் ஓதுகின்ற பெயர், தொட அஞ்சும் இந்த நச்சுமரத்தின் பெயரே. சிதம்பரத்தைச் சூழ்ந்திருந்த தில்லைவனம் இன்று நகருக்குக் கிழக்கே பிச்சாவரக் கழியில் எஞ்சியுள்ளது. தலமரத்தைக் காண விரும்பும் ஈழத்தார் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

இக்கழிநிலம் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 29,180 ஹெக்டேயர். 2024இல் அதிலிருந்து 168 ஹெக்டேயரை இறால் முதலியவற்றின் வளர்ப்புக்கென விலக்கி அரசு வர்த்தமானி வெளியிட்டது; சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. தானே இறால் வளர்க்கும் காட்டை நீக்கிவிட்டு இறால் வளர்க்கக் குளம் வெட்டுவதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை. பெரியவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "கண்டல் போனால் நண்டு போயிடும் வாத்தியார்" என்று மட்டும் கூறி, அப்பால் நடந்தார்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத்தைப் பாலாவிக் கரையில் வணங்கிக்கொண்டு, 1990இற் போரில் தகர்க்கப்பட்டு 2010இற் புதிதாகத் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே தீவினுட் புகுந்தோம். மன்னார்த் தீவின் கானல் வேறு வகையது. ஆண்டு மழை 1000 மில்லிமீற்றரை எட்டாத வறள்நிலம் இது. பனையும், குடைவிரித்தாற்போலத் தட்டையாகப் படர்ந்த உடைமரமும் மணலெங்கும் நிற்கின்றன. இந்நாட்டில் உடையை இவ்வளவு செறிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை. அதனடியிற் கழுதைகள் நிழலுக்கு ஒதுங்கி நிற்பது மன்னாருக்கே உரிய காட்சி. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் பார்த்தோம். சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல்; அராபிய வணிகர் ஆபிரிக்காவினின்று கொணர்ந்தது என்பர். சங்கப் புலவர் அறியாத மரமாதலின் மாணவரை அங்கே அதிகநேரம் நிற்க நான் விடவில்லை.

தலைமன்னார்ப் பக்கத்திற் கரையை நோக்கி நடந்தபோது அடம்பு காலிற் சிக்கிற்று. இரு பிளவான இலையும் ஊதாப் பூவுமாக மணல்மேட்டை இறுகப் பற்றிக் கிடந்தது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சிறுவயது முதல் கூறிவரும் இம்மாணவர், அக்கொடியை அன்றே கையிலெடுத்து முறுக்கிப் பார்த்தனர். அருகிலே இராவணன் மீசை என்னும் முட்புல். அதன் உருண்டைக் கதிர் காற்றில் உருண்டோடும். உருண்டோடிய இடத்தில் வித்தைச் சிந்தும். பெயரிட்டவன் நல்ல நகைச்சுவை உடையவன்.

இங்கே இன்னொன்று கூறவேண்டும். நெய்தற்குரிய சிறுபொழுது எற்பாடு. அதனை மாலை என்பாரும் காலை என்பாரும் உளர். இருபாலாரும் சொல்லிலக்கணம் காட்டியே வாதிடுவர். சோழநாட்டுக் கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு கடலில் எழும், வயலிற் படும். சேரநாட்டுக் கரையில் நிற்பவனுக்கு மலையில் எழும், கடலிற் படும். ஆகவே எக்கரையில் நின்று இலக்கணம் வகுத்தார் என்பதும் வழக்கில் ஒரு சான்றாகலாம். மன்னார்த் தீவோ வடமேற்காக நீண்டு ஒடுங்கியது. ஒரு கரை பாக்கு விரிகுடாவை நோக்க, மறுகரை மன்னார் வளைகுடாவை நோக்கும். கோடையில் வடகரையில் நின்று ஞாயிறு கடலினின்று எழுவதையும், சிறிது தொலைவு நடந்து தென்கரையில் நின்று அது கடலிற் படுவதையும் காணலாம். உரையாசிரியர் இருவரை இத்தீவில் இருத்தினால் வழக்கு ஒருநாளில் தீர்ந்துவிடும். அன்றேல் என்றுமே தீராது.

தொல்காப்பியர் நெய்தலை மணல் மிகுந்த உலகமாகவே சுட்டினார். அந்த மணலுக்குத்தான் இன்று விலை பேசப்படுகின்றது. தென்கரையோரம் 2020இல் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் இத்தீவு மக்கள் வீதியில் இறங்கினர். மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயின் மழைநீர் ஓடும் வழிகளும் பறவை பறக்கும் வழிகளும் அடைபடுகின்றன என்று ஊரவர் கூறும்போது, அதனை அறியாமை என்று தள்ளுதல் தகாது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரி தொடங்கியபின் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் வந்திறங்கும் இடம் அது. நாங்கள் கடந்த அன்று பூநாரைகள் தொலைவில், நீர்மேல் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன.

வங்காலைக்குத் தெற்கே அரிப்பு. தேசாதிபதி நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகையின் எஞ்சிய செங்கற்சுவர்களைக் கடல் சிறிது சிறிதாக உண்டு வருகின்றது. முத்துக் குளிப்பைப் பார்வையிட எழுந்த மாளிகை, இன்று முத்துமில்லை. சிலாவத்துறை தாண்டி மறிச்சுக்கட்டியை நெருங்குகையில் கானல் மீண்டும் உருமாறிப் பெருங்காடாகின்றது. வீரை, முதிரை, கருங்காலி, பாலை என மரங்கள் கடற்கரை மணலுக்கே இறங்கி வருகின்றன. அப்பாலுள்ள வில்பத்துத் தேசிய வனம் 1938இல் அமைந்தது. இங்கு பாலை எனப்படுவது, கரடிகள் விரும்பியுண்ணும் இனிய பழத்தையுடைய மரம். சங்க நூற் பாலை இதுவோ வெட்பாலையோ என்பதில் அறிஞர் வேறுபடுவர். எதுவாயினும், கபிலர் குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் தில்லையும் பாலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே கரையில், கழியில் ஒன்றும் காட்டில் மற்றொன்றுமாக இரு பெயர்களையும் மக்கள் வாயாற் கேட்டபின் அவ்வரிசை எமக்கு வெறும் பட்டியலாகத் தோன்றவில்லை.

இப்பெயர்கள் மக்கள் வாயிலேதான் வாழ்கின்றன. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இக்கரையூர்கள் வெறுமையாயின. 2007இல் முள்ளிக்குளத்து மக்களும் இடம்பெயர்ந்து நெடுங்காலம் திரும்ப இயலாதிருந்தனர். மறிச்சுக்கட்டியில் எமக்குத் தேநீர் தந்த முதிய அம்மையார் புத்தளத்தில் இருபது ஆண்டு அகதியாக இருந்தவர். "திரும்பி வந்து பார்த்தா, அடுக்களையில வீரை மரம் நிக்குது மாஸ்டர்" என்றார். அதனை வெட்ட மனம் வரவில்லையாம். அடுக்களையைத் தள்ளிக் கட்டிக்கொண்டார்.

மாணவர் தம் குறிப்பேட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டனர். கழிமுள்ளியை அறிவார், அதுவே முண்டகம் என்று நான் கூறியபோது வியந்தார். உமிரியைப் பஞ்சகாலத்தில் அவித்துத் தின்றதைக் கூறினார். ஞாழலை அறியார். புலிநகக் கொன்றை என்று உரைகாரர் கூறுவதைச் சொல்லி, கடுகுபோற் சிறிய மஞ்சட்பூ என்றும் விளக்கினோம். ஆவரசா, கொன்றையா என்று சிறிதுநேரம் யோசித்தார். பிறகு, காட்டுக்குள் தம்மிலும் அதிகம் திரிந்தவர் தம் தமக்கையார் என்றும், புத்தளத்திலேயே தங்கிவிட்ட அவரிடம் கேட்டுச் சொல்வதாகவும் கூறி, மாணவி ஒருத்தியின் தொலைபேசி எண்ணைச் சுவரிலிருந்த நாட்காட்டியின் ஓரத்தில் எழுதச் சொன்னார்.