மருந்துக்கு வலிமை தந்த மரபணு நீக்கம்

ஓர் உயிரணுவிலிருந்து ஒரேயொரு மரபணுவை நீக்கிவிட்டால், அவ்வுயிரணு ஆக்கித் தரும் மருந்தின் வலிமை பன்மடங்கு பெருகுமா? பெருகும் என்பதை ஜப்பானிய அறிவியலார் மெய்ப்பித்துக் காட்டியுள்ளனர்.

நோய்க்கிருமி உடலினுள் நுழைந்தால் அதனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் நம் இரத்தத்தில் உண்டாகின்றன. இவையே எதிர்ப்பொருள்கள். குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் பற்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை, 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும் கண்டனர்; 1984இல் நோபல் பரிசும் பெற்றனர். இவ்வகை மருந்துகள் இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் தரப்படுகின்றன.

இவற்றை இரசாயனப் பொருள்களைக் கலந்து செய்துவிட இயலாது. உயிரணுவே செய்தாக வேண்டும். பெரும்பாலானவற்றை ஆக்குவது, எலியினத்தைச் சார்ந்த ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணியின் சினைப்பை உயிரணுவாகும். 1957இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தியோடர் பக் என்பார் சீன ஹாம்ஸ்டரிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் மருந்தாலைகளின் கலன்களில் பெருகி வருகின்றன. எதிர்ப்பொருளுக்குரிய மரபணுவை அவற்றுள் புகுத்தினால், அதன்படியே புரதத்தைச் செய்து தருகின்றன.

எதிர்ப்பொருளை இரு கைகளும் ஓர் அடித்தண்டும் உடையதாக எண்ணிக்கொள்ளுங்கள். கைகள் புற்றணுவைப் பற்றும். அடித்தண்டோ நம் உடலின் கொல்லணுக்களை ஈர்த்து, அப்புற்றணுவை அழிக்கச் செய்யும். இந்த அடித்தண்டில் உயிரணு சர்க்கரைச் சங்கிலிகளையும் கோத்துவிடுகிறது. சங்கிலியின் வேரில் ஃபியூகோஸ் என்னும் சிறு சர்க்கரை அமர்ந்திருந்தால், கொல்லணுவின் பிடி தளர்ந்துவிடுகிறது. அது இல்லையெனில் பிடிப்பு 50 மடங்கு வரை கூடுவதை 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

2004இல் ஜப்பானின் கியோவா ஹாக்கோ நிறுவனத்து ஆய்வாளர்கள், ஃபியூகோசைக் கோக்கும் நொதிக்குரிய மரபணுவின் இரு பிரதிகளையும் ஹாம்ஸ்டர் உயிரணுவிலிருந்து நீக்கினர். உயிரணு நலமாகவே வளர்ந்தது. அது ஆக்கிய எதிர்ப்பொருளில் ஃபியூகோஸ் அறவே இல்லை.

இதன் பயன் யாருக்கு? தென்மேற்கு ஜப்பானில், தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் பரவும் ஒரு வைரஸ் உண்டு. அது தொற்றியவர்களுள் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துக் கொடிய இரத்தப் புற்றுநோய் தோன்றுகிறது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் அந்நோய் தலைதூக்கியவர்களுக்கு, இம்முறையில் ஆக்கிய மொகாமுலிசுமாப் என்னும் மருந்து தரப்பட்டது. பயன் மதிப்பிடப்பட்ட 26 பேரில் 13 பேருக்கு நோய் தணிந்தது. அவர்களுள் 8 பேருக்கு நோயின் அடையாளமே மறைந்தது. 2012இல் ஜப்பானிய அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

ஆயினும், வலிமை மிகுந்த மருந்து விழிப்புடன் கையாளத் தக்கது. இம்மருந்து புற்றணுக்களோடு, நோய் எதிர்ப்பாற்றலை எல்லை மீறாமல் காக்கும் நல்ல அணுக்களையும் அழிக்கிறது. கடுமையான தோல் அழற்சி சிலருக்கு ஏற்படுகிறது. மருந்து முடிந்த சில வாரங்களுக்குள் பிறர் கொடுத்த தண்டணுக்களை நோயாளிக்குச் செலுத்தினால், அவை அவரது உடலையே தாக்கும் ஆபத்து மிகுகிறது. ஆகவே மருத்துவர்கள் இடைவெளியைக் கணித்தே செயல்படுகின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சர்க்கரைத் துணுக்கு, நோயாளியின் வாழ்நாளை நீட்டவும் கூடும். அவருக்கு இடர் விளைக்கவும் கூடும். உயிரணுவைத் திருத்தும் கலையைக் கற்றவர்கள், அதன் அளவையும் காலத்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.