முட்டை ஓட்டுல ஒரு மெசேஜ்!

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. அரியலூர்ல இறங்கி, விக்கிரமங்கலம் பஸ்ஸைப் பிடிச்சு, வீட்டுக்குள்ள நுழைஞ்சா அப்பாயி கையில ஒரு முட்டை. ஓடு முழுக்க வரிவரியா சுருக்கம். பக்கத்து வீட்டு அக்கா, 'சகுனம் சரியில்ல, அந்தக் கோழியை அறுத்துடுங்க'ன்னு தீர்ப்பே சொல்லியாச்சு. இப்போ எல்லாரும் உங்க முகத்தைப் பார்க்கிறாங்க. 'காலேஜ் படிக்கிற புள்ள, நீ சொல்லு!'

கூமுட்டை மாதிரி முழிக்காதீங்க பாஸ். ஒரு உயிர் உங்க பதிலை நம்பித்தான் பஞ்சாரத்துக்குள்ள உட்கார்ந்திருக்கு!

இருபது மணி நேர ஓவர்டைம்

ஒரு முட்டை தயாராக சுமார் 24 முதல் 26 மணி நேரம் ஆகும். மஞ்சக்கரு கிளம்பி, வெள்ளைக்கருவைப் போர்த்திக்கிட்டு, மெல்லிய சவ்வைச் சுத்திக்கிட்டு, கடைசியா கருப்பைக்கு வந்து சேரும். அங்கேதான் ஓடு உருவாகுது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம்! கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியத்தைக் கோழி அதில் கொட்டுது. தீனியில் பத்தலைன்னா தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். பழுப்பு நிறம் பூசுறது கடைசி சில மணி நேரத்தில்.

இந்த 20 மணி நேரத்துக்குள்ள நாய் துரத்தினாலோ, வெயில் வாட்டினாலோ, நோய் தொட்டாலோ, அது ஓட்டில் பதிஞ்சிடும். முட்டை ஓடுங்கிறது கோழியோட நேற்றைய டைரி!

டைரியைப் படிப்போமா?

தோல்முட்டை: ஓடே இல்லாம, பலூன் மாதிரி மெத்துனு இருக்கும். புதுசா முட்டைக்கு வந்த கோழி ஒண்ணு ரெண்டு போட்டா சகஜம். தொடர்ந்து வந்தா கால்சியம் பற்றாக்குறைன்னு முதல்ல சந்தேகப்படுங்க. வெறும் நொய்யும் பழைய சோறும் தின்கிற கோழிக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்?

நடுவில் பெல்ட்: ஓடு உருவாகும்போதே கோழி பயந்து குதிச்சு, உள்ளேயே விரிசல் விழுந்திருக்கும். அதை கோழியே பூசி ஒட்டவெச்ச தழும்புதான் அந்த மேடு.

சொரசொரப்பு, பருக்கள்: உபரியா ஒட்டின கால்சியம். அழகு குறைவு, ஆபத்து இல்லை.

கோலிக்குண்டு சைஸ்: உடைச்சா பெரும்பாலும் மஞ்சக்கருவே இருக்காது. எப்போவாவது ஒண்ணுன்னா சிரிச்சுட்டு விட்டுடலாம்.

வெளிறிய ஓடு: பழுப்பு முட்டை போடுற கோழி திடீர்னு வெளுத்துப் போட்டா வயசு, பயம், வெயில், நோய் எதுவாவும் இருக்கலாம்.

சுருக்கம்: வயசான கோழிக்கு வெள்ளைக்கரு நீர்த்துப்போய், சவ்வு தொளதொளன்னு ஆனா ஓடும் சுருங்கும். ஆனா இளங்கோழிங்க வரிசையா இப்படிப் போட்டு, வெள்ளைக்கருவும் தண்ணியா ஓடினா, 'இன்பெக்ஷியஸ் பிராங்கைடிஸ்'ங்கிற வைரஸ் சளி நோயை நினைக்கணும்.

நீல முட்டை: 2025 ஆகஸ்டில் கர்நாடகாவோட தாவணகெரே மாவட்டத்தில் ஒரு கோழி நீல முட்டை போட்டு ஊரே கூடிடுச்சு. 'பிலிவெர்டின்'ங்கிற பித்த நிறமிதான் காரணமா இருக்கலாம்னு கால்நடை மருத்துவர்கள் சொன்னாங்க. தென் அமெரிக்காவோட அரோகானா கோழிகளுக்கு நீல முட்டை தினசரி சமாசாரம். எப்போவோ பழங்காலத்தில் ஒரு வைரஸ் அதுங்க மரபணுவில் நுழைஞ்சு தங்கிட்டதோட விளைவு அதுன்னு 2013-ல் கண்டுபிடிச்சாங்க.

கோழிக்கு சோடா!

கோழிக்கு வியர்க்காது. அக்னி நட்சத்திரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்கும். அப்போ கார்பன் டை ஆக்ஸைடு ஏகத்துக்கும் வெளியே போயிடும். ஓடு செய்ய அதுவும் வேணும். அதனாலதான் கோடையில் ஓடு மெலிசாகுது. 1980-களில் அமெரிக்காவோட இலினாய் பல்கலைக்கழகத்தில் கோழிக்கு சோடா தண்ணி கொடுத்தே பார்த்தாங்க, ஓடு கெட்டியாச்சு! நீங்க சோடாவுக்கு செலவு பண்ண வேணாம். நிழலும் மண்சட்டியில் குளிர்ந்த தண்ணியும் போதும்.

இதுதான் சீரியஸ் மேட்டர்

ஒரு கோழி, ஒரு முட்டைன்னா பதற வேணாம். பல கோழி ஒரே வாரத்தில் தோல்முட்டையும் கோணல் முட்டையுமா போட்டா, முட்டை எண்ணிக்கையும் சரிஞ்சா, உஷார்! வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) இப்படியும் கதவைத் தட்டும். பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், இழுத்து இழுத்து மூச்சு, கழுத்துத் திருகல்னு தொடர்ந்தா, தடுப்பூசி போடாத கொல்லையில் சில நாளில் மொத்தக் கோழியும் காலியாகலாம். அதுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் இலவச முகாம் நடத்துது. கோழி முட்டைக் காசுதான் பல வீட்டில் அம்மாவோட சிறுவாடு. அதில் உங்க செமஸ்டர் ஃபீஸும் கொஞ்சம் இருக்கலாம், ஞாபகம் இருக்கட்டும்.

உங்க ஹோம்வொர்க்

1. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்க. தேவையான கோழி தானா தின்னும். குஞ்சுகளுக்கு வேணாம், சிறுநீரகம் கெடும்.

2. முட்டை ஓட்டையே போடுறதா இருந்தா வறுத்து, நல்லா நொறுக்கிப் போடுங்க. முழு ஓடாப் போட்டா முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிடும்.

3. எந்தக் கோழி, என்னைக்கு, என்ன மாதிரி முட்டைன்னு செல்போனில் படம் எடுத்து வையுங்க. டாக்டருக்கு அதுதான் பெரிய க்ளூ.

4. ஓடு முழுசா இருந்தா, விசித்திர ஷேப் முட்டையை நல்லா வேகவெச்சு சாப்பிடலாம். விரிசலும் தோல்முட்டையும் வேணாம், கிருமி சுலபமா நுழையும். நோய்ப்பட்ட கோழி முட்டையும் வேணாம்.

5. கோழிகள் திடீர்னு கும்பலா செத்தா வெறும் கையால் தொடாதீங்க. உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்க.

நம்ம மண்ணும் ஓடுதான்!

அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போற சுண்ணாம்புக்கல்லில் முக்கியமா இருக்கிறது கால்சியம் கார்பனேட். கோழிமுட்டை ஓட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல அதேதான்! கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பகுதி கடலா இருந்தப்போ படிஞ்ச கல் அது. செந்துறை பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைச்சதா 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகக் குழு அறிவிச்சது. 2020-ல் பெரம்பலூர் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையா கற்கள் கிடைச்சதும் 'டைனோசர் முட்டை!'ன்னு வதந்தி பறந்துச்சு. வல்லுநர்கள் வந்து பார்த்து, அது அம்மோனைட்ங்கிற கடல் உயிரினத்தோட சம்பந்தப்பட்ட படிவம்னு சொன்னாங்க.

வதந்தியா, சகுனமா, சயின்ஸான்னு முடிவு பண்ண, முதல்ல பொருளைக் கையில் எடுத்து நிதானமா பார்க்கணும். அதுக்கு லேப் வேணாம், கொல்லைப்புறமே போதும். தடுப்பூசித் தேதியை மட்டும் காலண்டர்ல இன்னைக்கே வட்டம் போட்டுடுங்க!