கல்லின் கீழ்ப்பகுதி: சோழர் வரலாறு எழுதப்பட்ட முறை

சோழர் காலக் கல்வெட்டுகளை முழுமையாகப் படிப்போர், அவற்றுட் பலவற்றில் மூன்று பகுதிகள் அமைந்திருத்தலைக் காண்பர். முதற்கண் அரசன் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தி, அடுத்து ஆட்சியாண்டு, அதன்பின் நிலம், நெல், விளக்கு, ஆடு ஆகியன பற்றிய செய்தியும் ஒப்பமிட்டோர் பெயர்களும். சோழர் வரலாறு எழுதப்பட்ட முறையை நோக்குங்கால், ஆய்வாளர் கண் கல்லின் மேற்பகுதியினின்று படிப்படியாகக் கீழிறங்கியதென்றே யாம் கருதுகின்றோம்.

மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டின் முகப்பில் நிலையாக அமைக்கும் வழக்கம் முதலாம் இராசராசன் (985–1014) காலத்தே தொடங்கிற்று. வெற்றிகள் பெருகப் பெருக அதுவும் நீண்டது. அரசவையே எழுதிய வரலாறு அது. தோல்விக்கு ஆண்டு இடமில்லை. அதுபற்றி அதனை வெறும் புனைந்துரையெனத் தள்ளுதலும் தகாது. முதலாம் இராசேந்திரன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் முதலிய ஊர்களை அறிஞர் சிலர் பர்மாவில் தேடினர். 1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ், சீன நூற்குறிப்புகளோடும் பிற கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டு, அப்படையெடுப்பு ஸ்ரீவிசயப் பேரரசின்மேற் சென்றதென விளக்கினார்.

1886-இல் ஹுல்ட்ஸ் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக அமர்ந்தார். 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்தது. அப்பொழுது எழுந்த முதல் இடர்ப்பாடு காலமே. சோழர் கற்களிற் பெரும்பாலானவை சக ஆண்டைக் கூறா, ஆட்சியாண்டையே கூறும். சிலவற்றில் மட்டும் கிழமையும் நாண்மீனும் உடன் குறிக்கப்பட்டுள்ளன. இச்சிறு குறிப்புகளைக் கொண்டு வானியல்வழிக் கணித்த செருமானிய அறிஞர் கீல்ஹார்ன், இராசராசன் முடிபுனைந்தது 985-ஆம் ஆண்டு சூன் 25-க்கும் சூலை 25-க்கும் இடைப்பட்ட ஒரு நாளென வரையறுத்தார். இலக்கியம் பயில்வோர் இத்தகைய கணக்கைச் சுவையற்றதென ஒதுக்குதல் உண்டு. இஃதின்றேல் சயங்கொண்டாரையும் ஒட்டக்கூத்தரையும் காலநிரலில் நிறுத்துதல் எங்ஙனம்?

இவ்வடிப்படையின்மேலேயே நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறு 1935-இலும் 1937-இலும் இரு பகுதிகளாக ஆங்கிலத்தில் எழுந்தது. சதாசிவ பண்டாரத்தார் 1949 முதற்கொண்டு அதே பணியைத் தமிழில் ஆற்றினார். ஊராட்சி பற்றி இந்நூல்கள் கூறினும், அவற்றின் நிரல் அரசர் நிரலே.

நிலமும் ஊரும் பின்னரே நடுவிடம் பெற்றன. சப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1966-இல் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்டார். பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமை புலப்பட்டது. அல்லூரிலோ ஊரார் பொதுவுடைமை. 1978-இல் அவரும் எ. சுப்பராயலுவும் மட்சுயியும் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் திரட்டி அகரநிரற் படுத்தினர். உடையான், கிழான், மூவேந்தவேளான் எனப் பெயரிறுதியில் வரும் சொற்கள் அதன்பின் சமுதாய வரலாற்றுச் சான்றுகளாயின. எண்ணிக் கணக்கிடும் இம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. கோயிற்சுவரில் ஏறியவை கோயிலைச் சார்ந்த செய்திகளே. நிலமில்லாதார் பெயர் அங்கு அரிதாகவே காணப்படும்.

ஈண்டுத் தமிழாசிரியர்க்குரிய கடமையொன்று உளது. மூலம் அச்சேறாது, ஆண்டறிக்கைகளில் ஆங்கிலச் சுருக்கம் மட்டும் வெளிவந்த கல்வெட்டுகள் பல. சுருக்கத்தில் ‘நிலக்கொடை’ என ஒரு சொல்லாக ஒடுங்குவது, மூலத்தில் காணியோ இறையிலியோ தேவதானமோ என்பதே உழுதவன் நிலையை முடிவு செய்யும். மெய்க்கீர்த்தியின் நடையழகைப் பாராட்டி அமைந்துவிடும் எம்மனோர், அதன்கீழுள்ள உரைநடையைத் தமிழிலக்கியத்துக்குப் புறம்பானதென விட்டுவிடுதல் பெருங்குறை.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றை நோக்குக. தளிச்சேரியில் குடியேற்றப்பட்ட நானூறு பெண்டிரின் பெயர், தெரு, வீட்டின் வரிசையெண், எவ்வூர்க் கோயிலினின்று வந்தார் என்பன அதன்கண் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல். இது நெடுங்காலம் அரசன் பெருமைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்பட்டது. கோயிற்பெண்டிர் பற்றி லெஸ்லி ஓர் 2000-இல் வெளியிட்ட நூலோ, பிற ஊர்க் கற்களில் அவர்கள் கொடையாளராகவே மிகுதியும் தோன்றுதலைக் காட்டி, தஞ்சைப் பட்டியல் பொதுவழக்கன்று, விதிவிலக்கே என்கின்றது.