பர்கண்டியின் திராட்சைச் சரிவுகளில் மிதிவண்டிப் பயணம்

பத்து நாள்களில் ஆறு நாடுகள் என்ற கணக்கில் ஐரோப்பாவைப் பேருந்திலிருந்தே பார்த்துத் திரும்பும் சுற்றுலாக்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அவற்றில் பிரான்சு பெரும்பாலும் பாரிசோடு முடிந்துவிடும். அந்நாட்டின் கிழக்கே உள்ள பர்கண்டிப் பகுதியை மிதிவண்டியில் சுற்றிவரச் சென்ற செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஐந்து நாள்களை ஒதுக்கினோம். இருவருமே நாற்பதைக் கடந்தவர்கள். கல்லூரி நாள்களுக்குப் பின் மிதிவண்டியைத் தொடாதவர்கள். நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் என்பது எங்களுக்குப் போதுமானதாகவே இருந்தது.

பாரிசிலிருந்து டிஜோன் நகருக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வட்டார ரயிலில் அரை மணிக்குள் போன் நகரை அடையலாம். (தொலைபேசி நினைவுக்கு வருவது இயல்பே, ஆனால் முதலெழுத்தை 'பஸ்' என்பதில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும்.) வாடகை மிதிவண்டிகள் இங்கே எளிதில் கிடைக்கின்றன. மேடு ஏறத் தயங்குவோர் மின்கலம் பொருத்தியதைக் கேட்டு வாங்குவது நல்லது.

போன் நகரிலிருந்து தெற்கே சான்த்னே வரை திராட்சைத் தோட்டங்களின் ஊடே செல்லும் மிதிவண்டிப் பாதையின் நீளம் சுமார் 22 கிலோமீட்டர். உழவர்கள் தோட்டத்துக்குச் செல்லும் அதே வழிதான் இது; டிராக்டர் வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். பொமார், வோல்னே, மெர்சோ, புலிஞி, ஷசாஞ் என்று சில கிலோமீட்டருக்கு ஒரு சிற்றூர். ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயக் கோபுரம், நடுவே ஒரு சதுக்கம், மூடிய சன்னல்களுடன் கல்வீடுகள். காரில் அரை மணியில் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவுக்கு நாங்கள் ஒரு பகல் முழுவதையும் செலவிட்டோம்.

மெதுவாகச் சென்றதால்தான் கற்சுவர்கள் கண்ணில் பட்டன. முழங்கால் உயரச் சுவர், இடையிடையே ஒரு கல்வாயில், அதன்மேல் பொறித்த ஒரு பெயர். இப்பகுதியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. அதற்குக் 'கிளிமா' என்பது இவ்வூர்ச் சொல். இத்தகைய 1,247 துண்டுகள் 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன. சரிவின் நடுப்பகுதியில் சுண்ணாம்புக் கற்கள் கலந்த மண். மழைநீர் தேங்காமல் வடியும். காலை வெயில் நேராக விழும். அடிவாரத்திலோ மண் கனத்தது, ஈரம் மிகுந்தது. ஒரே திராட்சை வகை, பக்கத்துப் பக்கத்து நிலங்கள். ஆயினும் இவற்றின் விளைச்சலைத் தனித்தனித் தரமாகவே சட்டம் பிரித்து வைத்திருக்கிறது.

இதன் உச்சம் மோன்ராஷே. ஏறத்தாழ எட்டு ஹெக்டேர், அதாவது இருபது ஏக்கர் அளவேயான இத்தோட்டம் புலிஞி, ஷசாஞ் ஆகிய இரண்டு ஊர்களின் எல்லையில் பரவியிருக்கிறது. அதன் புகழைக் கண்டு இவ்விரு ஊர்களும் 1879இல் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டன. அடமானச் சொத்துகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்தே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, ஒரு வண்டித்தடத்தின் இருபுறமும் நிலமதிப்பு இவ்வளவு வேறுபடுவதை ஏற்கச் சிறிது நேரம் பிடித்தது. நம்மூரில் சாலையோர மனைக்கு விலை கூடும். இங்கே வடிகால் விலையை வைக்கிறது.

நிலம் இப்படித் துண்டுபட்டதற்கு மண் மட்டும் காரணமன்று. மடங்களின் கையிலிருந்த தோட்டங்கள் பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதலாகி விற்கப்பட்டன. 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பு, பிள்ளைகளுக்குச் சமபங்கு என்று வகுத்தது. தலைமுறைக்குத் தலைமுறை நடந்த பாகப்பிரிவினையால் சிலருக்கு எஞ்சியிருப்பது சில வரிசைக் கொடிகளே. போனுக்கு வடக்கே க்ளோ தெ வூஜோ என்னும் தோட்டம் இருக்கிறது. துறவிகள் எழுப்பிய ஒரே சுற்றுச்சுவருக்குள் ஐம்பது ஹெக்டேர். இன்று அதற்கு உரிமையாளர்கள் எண்பது பேரளவில். கூட்டுப்பட்டா வழக்குகளை அறிந்தவர்கள் இந்தக் கணக்கை எளிதில் உணர்வர்.

பிரிபடாமல் நின்ற சொத்து ஒன்றும் உண்டு. பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலானும் அவர் மனைவியும், நூறாண்டுப் போரின் வறுமை சூழ்ந்திருந்த 1443ஆம் ஆண்டில் போன் நகரில் ஏழைகளுக்காக மருத்துவமனை நிறுவினர். வண்ண ஓடுகள் வேய்ந்த அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஆனால் நூற்றாண்டுகளாகப் பலர் தானமாக அளித்த சுமார் அறுபது ஹெக்டேர் தோட்டம் இன்னும் அறநிலையத்தின் உடைமையே. அதன் மது 1859 முதல் பொது ஏலத்தில் விடப்படுகிறது. நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறு அதற்குரிய நாள். கிடைக்கும் தொகை நகரின் இன்றைய மருத்துவமனைக்குச் செல்கிறது. ஒரு வைப்புநிதி ஆறு நூற்றாண்டுகளை எட்டும் அளவுக்கு நீடித்திருக்கிறது! இந்தப் பயணத்தில் நான் மிக நீண்ட நேரம் நின்ற இடம் இதுவே.

உணவைப் பற்றி. போன் நகரின் சனிக்கிழமைச் சந்தையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பிளம்ஸ் வாங்கி மிதிவண்டிக் கூடையில் வைத்துக்கொண்டால் நண்பகல் உணவு ஆயிற்று. மேலோடு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் எபுவாஸ் பாலாடைக்கட்டியின் மணம் பையைத் திறக்கும் முன்பே வந்துவிடும். சுவையோ மணத்தைவிட மென்மையானது. கூஜேர் என்னும் பாலாடைக்கட்டி சேர்த்த உப்பலான சிறு பணியாரத்தைச் சூடாக உண்ண வேண்டும். சைவ உணவினர் கவனிக்க: இதில் முட்டை உண்டு. சிவப்பு மதுக் குழம்பில் வேகவைத்த முட்டையிலோ பன்றி இறைச்சித் துண்டுகளும் வழக்கமாகச் சேரும். முன்கூட்டியே கேட்டுவிட்டால் உணவகத்தார் மனம் கோணுவதில்லை. புகழ்பெற்ற டிஜோன் கடுகுச் சாந்துக்குரிய கடுகு பெரிதும் கனடாவிலிருந்து வருவது. அங்கே 2021இல் வறட்சி வந்ததும் அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடைகளில் கடுகுச் சாந்து கிடைக்காமற்போயிற்று.

மது அருந்தாத என் மனைவிக்கும் நிலவறைகளைப் பார்ப்பதில் தடை ஏதும் இருக்கவில்லை. சுவைப்பவர்களும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதற்கென வைத்த கலத்தில் உமிழ்ந்துவிடலாம்; அதை யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. மிதிவண்டி ஓட்டுபவருக்கும் மதுவரம்புச் சட்டம் பொருந்தும் என்பதை மறக்கலாகாது.

செலவு முறைகளில் சில குறிப்புகள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அட்டையைப் பயன்படுத்தும்போது தொகையை ரூபாயில் கழிக்கவா என்று கருவி கேட்டால், யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை போய்விடும். சந்தைக்குச் சில்லறை யூரோ வேண்டும். சிற்றூர்க் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரம் மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல கடைகள் திறப்பதே இல்லை.

பயணத்துக்கு எந்த மாதம் ஏற்றது என்ற கேள்விக்கு முன்பு செப்டம்பர் என்று தயங்காமல் சொல்லியிருப்பார்கள். போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாள்களுக்கு 1354 முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. 2018 வரையிலான அக்குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், 1988க்குப் பின் அறுவடை முந்தைய காலத்தைவிடச் சராசரியாக 13 நாள் முன்னதாக வருவதைக் கண்டனர். சில ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே கத்தரிக்கோல்கள் வெளிவந்துவிடுகின்றன. இளவேனிலில் வெப்பம் முந்தி வருவதால் தளிரும் முந்தி வருகிறது. பிறகு வரும் உறைபனியில் கருகுகிறது. 2021 ஏப்ரலில் இரவெல்லாம் கொடிகளுக்கிடையே மெழுகுக் கொப்பரைகளை எரித்துக் காத்தும் விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. ஒவ்வொரு துண்டு நிலத்தின் குணத்தையும் பல நூற்றாண்டுகளாகக் கண்டறிந்து வைத்த தரவரிசை, மாறிய வெயிலிலும் அப்படியே நிற்குமா என்பது இங்குள்ளோரின் கவலை. குளிர்ச்சியானது என்று முன்பு தாழ்வாகக் கருதப்பட்ட மேட்டு நிலங்கள் இப்போது கவனம் பெறுகின்றன.

நாங்கள் சென்றபோது பல தோட்டங்களில் அறுவடை முடிந்துவிட்டது. இலைகளுக்குள் மறைந்து தப்பிய ஓரிரு கொத்துகளையே கண்டோம். கொடி பூத்ததிலிருந்து ஏறத்தாழ நூறு நாளில் அறுவடை என்பது உழவர்களின் பழைய கணக்கு. அறுவடையைக் காண விரும்புவோர் ஜூன் மாதத்தில் விடுதிக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பூத்த நாளைக் கேட்டறிந்தபின் பயணச்சீட்டைப் பதிவு செய்யலாம்.