48 வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் ஆன உயில்!

பழைய தாஸ்தாவேஜைக் கரையானுக்குக் கொடுக்கலாமா?

சென்னை பச்சையப்பன் கல்லூரி ஸ்டாப்பில் தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். அந்தக் கல்லூரி ஒரு உயிலால் முளைத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

துபாஷியாக இருந்து பெரும் பணம் சேர்த்தவர் பச்சையப்ப முதலியார். 1794-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி உயில் எழுதினார். 31-ந் தேதி திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது சுமார் 40 தான்!

கோவில் காரியங்களுக்கும் தர்மத்துக்கும் பணம் எழுதி வைத்திருந்தார். ஆனால் ஆள் போனதும் தகராறு வந்து விட்டது. தர்மம் நின்றது. பணம் முடங்கியது.

விவகாரம் அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தர்மத்தை நிறைவேற்றி, சேர்ந்திருந்த வட்டியில் மிஞ்சியதைப் படிப்புக்குச் செலவிட வழி பிறந்தது. இதற்காகப் பாடுபட்டவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842-ம் ஆண்டு பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அதுதான் பிறகு கல்லூரி ஆனது.

நடுவில் அந்த உயில் தொலைந்திருந்தால்? பணம் போன இடம் தெரிந்திருக்காது!

மேயர் கோர்ட்டு

உயில் உண்மையானதுதான் என்று கோர்ட்டு கொடுக்கும் சான்றுக்குப் பெயர் 'புரோபேட்'. சென்னையில் 1726-ம் ஆண்டு சாசனப்படி அமைந்த மேயர் கோர்ட்டுக்கே இந்த அதிகாரம் இருந்தது. 1801-ல் சுப்ரீம் கோர்ட்டு வந்தது. 1862-ல் ஐகோர்ட்டு வந்தது.

1870-ம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் வந்த பிறகு, சென்னை நகர உயில்களுக்குப் புரோபேட் வாங்குவது பல காலம் கட்டாயமாக இருந்தது. கட்டுக்கட்டாக உயில்கள் கோர்ட்டில் சேர்ந்தது இப்படித்தான்.

கம்பெனி காலத்து சென்னை உயில்களின் நகல்கள் கப்பலேறி லண்டனுக்கும் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் அவை இருக்கின்றன.

புரோபேட் ஆன அசல் உயிலைக் கோர்ட்டிலேயே பத்திரமாக வைக்க வேண்டும் என்கிறது 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். ஆனால் கரையானுக்குச் சட்டம் தெரியுமா? கடற்கரைக் காற்றின் ஈரம் ஒரு பக்கம், காகிதத்தையே அரிக்கும் பழைய மை ஒரு பக்கம். 1914-ல் எம்டன் கப்பல் போட்ட குண்டு ஐகோர்ட்டு மதில் சுவரோடு போயிற்று. கரையான் அப்படி விட்டு வைக்காது!

எங்கே தேடுவது?

'தாத்தா உயில் எழுதி வச்சாராமே, எங்கே?' என்று கேட்பவர்கள் முதலில் மூன்று விவரம் சேகரிக்க வேண்டும். இறந்தவரின் முழுப்பெயர், இறந்த வருஷம், புரோபேட் மனுவின் ஓ.பி. நம்பர். நம்பர் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

புரோபேட் ஆகாமல் ரிஜிஸ்தர் மட்டும் ஆன உயில் என்றால், ரிஜிஸ்திரார் ஆபீசில் 3-ம் புத்தகத்தில் பதிவாகி இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவரது ஏஜெண்டுக்கோ மட்டும்தான் நகல். இறந்த பிறகு, மனுப் போடும் யாரும் வாங்கலாம்.

உயிலை சீல் வைத்த உறையில் போட்டு மாவட்ட ரிஜிஸ்திராரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு.

வீட்டுப் பெட்டியில் பழைய உயில் அகப்பட்டால் பசை டேப் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சூடு காட்டி ஒட்டவும் கூடாது. ஈரமில்லாத இடத்தில், மடிக்காமல் வையுங்கள். நகல் எடுத்து வேறு இடத்திலும் ஒன்று வையுங்கள்.

அந்தக் காகிதத்தை நம்பி, இன்னும் பிறக்காத பேரன் பேத்தி இருக்கலாம்!