விஞ்ஞானிக்கும் வரவு-செலவுப் பாடம்!

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுகிறார்கள். சந்தாபுரா வருகிறது. பிறகு பொம்மசந்திரா. அதை அடுத்த எப்பகோடியில் "பயோகான்" கம்பெனி இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஊசி மூலம் போட்டுக்கொள்ளும் இன்சுலினைத் தயாரிக்கும் கம்பெனி அது.

இது தொடங்கியபோது போட்ட முதல் எவ்வளவு தெரியுமா? 10 ஆயிரம் ரூபாய்!

கார் ஷெட்டில் தொழில்

அது 1978-ம் ஆண்டு. கிரண் மஜும்தாருக்கு அப்போது வயது 25. ஆஸ்திரேலியாவுக்குப் போய், பீர் தயாரிக்கும் முறையைப் படித்துத் தேறியவர் அவர். ஆனால் இந்தியாவில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுக்க ஆலைக்காரர்கள் முன்வரவில்லை.

பப்பாளிக்காயைக் கீறினால் பால் வடியும் அல்லவா? அந்தப் பாலிலிருந்து "பப்பைன்" என்ற பொருள் கிடைக்கிறது. இறைச்சியை மிருதுவாக்கவும், பீரைத் தெளிய வைக்கவும் அது பயன்படும். அயர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து, பெங்களூரில் தன் வாடகை வீட்டின் கார் ஷெட்டில் கிரண் இந்தத் தொழிலைத் தொடங்கினார்.

கடனுக்காகப் பாங்கிகளின் படி ஏறினார். வயதோ குறைவு, பெண், ஈடு காட்டச் சொத்து இல்லை. தொழிலோ பாங்கிக்காரர்கள் கேள்விப்படாதது. தயங்கினார்கள். கடைசியில் ஒரு பாங்கி அதிகாரி துணிந்து கடன் கொடுத்தார்.

1987-ல் பெரிய உதவி வந்தது. சென்னை லயோலா கல்லூரியில் படித்த நாராயணன் வாகுல், அப்போது ஐ.சி.ஐ.சி.ஐ. தலைவராக இருந்தார். அவர் ஆதரவில் இரண்டரை லட்சம் டாலர் முதலீடு கிடைத்தது. ஆராய்ச்சி விரிந்தது, புதிய ஆலை எழுந்தது.

பணம் ஏன் நிற்கிறது?

கிரணுக்குப் பணப் பாடத்தை யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. அலைந்து திரிந்து கற்றுக்கொண்டார். எல்லா விஞ்ஞானிக்கும் அது முடியுமா?

மருந்துத் தொழில் மளிகைக் கடை அல்ல. இன்று வாங்கி நாளை விற்க முடியாது. முதலில் சோதனைக் குழாயில் பார்க்க வேண்டும். பிறகு விலங்குகளிடம். பிறகு மனிதர்களிடம். இதற்கே பல ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை விற்பனை இல்லை. செலவு மட்டும் உண்டு!

இதற்காகவே மத்திய அரசு 2012-ல் "பைராக்" என்ற நிறுவனத்தை அமைத்தது. நல்ல யோசனை உள்ளவருக்கு 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுக்கும் திட்டம் இதனுடையது. கடன் அல்ல, மானியம். பெங்களூரில் உள்ள "சி-கேம்ப்" போன்ற நிலையங்கள் மானியம் பெறுகிறவர்களுக்கு வழிகாட்டுகின்றன.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது. தவணைதான். முதல் தவணையில் சொன்ன வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை.

கோழி நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்றை ஓசூர்ப் பக்கத்து விஞ்ஞானி ஒருவர் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசைப்பட்டு, முதல் தவணையில் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டார். ரசாயனம் வாங்கக் காசு இல்லை. உதவியாளருக்குச் சம்பளம் இல்லை. வேலை முடியவில்லை. அடுத்த தவணையும் வரவில்லை. இயந்திரம் மூடிக் கிடக்கிறது. பரிசோதனை பண்ணைக்காரர் கைக்கு எட்டவே இல்லை. விஞ்ஞானத்தில் அவர் தோற்கவில்லை, கணக்கில் தோற்றார்!

என்ன கற்க வேண்டும்?

எந்த மாதம் எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே எழுத வேண்டும். சம்பளம், கருவி, ரசாயனம், பயணம் என்று தனித்தனித் தலைப்பு போட வேண்டும். சம்பளத் தேதியில் மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று பிரித்து வைக்கும் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. பெரிய பட்டம் பெற்றவர்களுக்குத்தான் புதிது!

ஒரு தலைப்புப் பணத்தை இஷ்டம்போல் இன்னொன்றுக்குச் செலவழிக்கக் கூடாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று அரசுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மானியத்தில் வாங்கிய கருவியை அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது.

வட்டிக்கும் கணக்கு உண்டு. மானியப் பணம் பாங்கியில் கிடந்தபோது கிடைத்த வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது, 2017-ல் வந்த மத்திய அரசின் நிதி விதி. வட்டி நாலரை ரூபாயாக இருந்தாலும் சரி!