பேறுகால வரிகளும் தாவர எண்ணெய்களும்

கருவுற்ற பெண்களின் வயிற்றிலும் தொடையிலும் தோன்றும் வரிகளைத் தடுக்கும் பொருட்டுத் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றைத் தடவும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. இதனால் விளையும் பயன் யாது?

மேல்தோலுக்கு அடியிலுள்ள உட்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. தோல் விரைந்து விரியும்போது இவ்விழைகள் சிதைவதால் வரிகள் உண்டாகின்றன. பரம்பரையும் ஹார்மோன் மாறுதல்களும் இதற்குத் துணைக் காரணங்களாகும். எண்ணெயோ பெரும்பாலும் மேல்தோலிலேயே தங்கி, ஈரம் ஆவியாவதைக் குறைத்து வறட்சியைத் தணிக்கிறது. 2012-இல் காக்ரேன் அமைப்பு, ஏறத்தாழ 800 பெண்களிடம் நடத்தப்பெற்ற ஆறு சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. ஆலிவ் எண்ணெய் உள்ளிட்ட பூச்சுகள் வரிகளைத் தடுக்கின்றன என்பதற்குத் தக்க சான்று கிட்டவில்லை.

எனினும், உணவின் வாயிலாகச் சேரும் எண்ணெய் தோலுக்கு இன்றியமையாதது. 1918-இல் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம், முழங்கை, முழங்கால்களில் தோல் சொரசொரப்பாகும் ‘தவளைத்தோல்’ நோயை ஆராய்ந்தது. லினோலியிக் அமிலம் மிகுந்த குசும்பா எண்ணெயையும் ‘பி’ தொகுதி வைட்டமின்களையும் உட்கொள்ளச் செய்வது இதற்குரிய சிகிச்சையாயிற்று. ஆயினும் இது பேறுகால வரிகளினின்று வேறானதொரு குறை என்பதை மறத்தலாகாது.

ஆகவே, களப்பணியாளரும் ஆசிரியரும் தாய்மாருக்குக் கூறத்தக்கவை இவை: வரிகள் நோயல்ல, பிரசவத்திற்குப் பின் நாளடைவில் மங்கும். அரிப்பைத் தணிக்க வீட்டு எண்ணெயை மென்மையாகத் தடவலாம். தடிப்புத் தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். விலை மிகுந்த பூச்சுகளுக்காகும் பணத்தைப் பருப்பு, கீரை, பால், முட்டை ஆகியவற்றிற்குச் செலவிடுதல் தாய்க்கும் சேய்க்கும் நலம் பயக்கும்.